செய்முறை பின்னர் அறிவிக்கப்படும்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாகப் பல் வைத்தியம் பார்த்துவரும் பத்ரிநாராயணன் ஆகிய நான், சுய நினைவோடும் முப்பத்தோரு சொந்தப் பற்களோடும் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யாரையும் புண்படுத்துவது நோக்கமல்ல. அப்படியும் புண்பட்டால் வெதுவெதுப்பான நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கவும்.

விவகாரம் ஒரு சுற்றறிக்கையில் ஆரம்பிக்கிறது. வாய்நலப் பயிற்சி மற்றும் சான்றளிப்பு இயக்ககம் என்று ஒன்று இருப்பதே அது வந்த அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். "வளர்ச்சிசார் மாற்றுத்திறன் கொண்ட நோயாளிகளுக்குப் பல் சிகிச்சை முறையாகக் கிடைப்பதில்லை என்பது இயக்ககத்தின் மேலான கவனத்துக்கு வந்துள்ளது" என்று தொடங்கியிருந்தது. பொய் சொல்லக் கூடாது, உண்மைதான். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் என்று யாராவது படியேறி வந்தால் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. ஐந்து வருஷப் படிப்பில் இவர்களைப் பற்றி ஒரே ஒரு வகுப்பு. அன்றைக்கு நான் போகவில்லை.

சுற்றறிக்கை இப்படி முடிந்தது: "எனவே, சிறப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்காத எவரும் மேற்படி நோயாளிகளின் வாயில் கை வைக்கலாகாது." அதுவரை அவர்களைக் கொஞ்சம் கூச்சத்தோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது ஆதாரத்தோடு திருப்பி அனுப்ப வழி பிறந்தது. நான் அதை லாமினேட் செய்து ரிசப்ஷனில் மாட்டினேன்.

மாட்டி நாலாம் நாள் ஜொவிட்டா டீச்சர் வந்தார். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர், என்னுடைய பழைய பேஷண்ட். கூடவே மகன் நோயல். வயது இருபத்தி நாலு. பிறவியிலேயே வளர்ச்சிக் குறைபாடு, பேச்சு அதிகம் கிடையாது. சர்ச்சின் பங்கு அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிற செய்தி மடலை மடிப்பது அவன் வேலை. ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும், என்னால் ஒன்றுகூட அப்படி மடிக்க முடியாது.

"பதினோரு நாளா கஞ்சிதான் டாக்டர்," என்றார் டீச்சர். "வலி தாங்காம கன்னத்துல தானே அடிச்சுக்கிறான். மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, அடையார்னு மூணு இடம் போயாச்சு. எல்லாரும் ஒரு பேப்பரைக் காட்டறாங்க."

நான் என்னுடைய பேப்பரைக் காட்டினேன்.

"போன வருஷம் எனக்கு ரூட் கேனால் பண்ணீங்களே. அவனுக்கு இருக்கிறதும் பல்லுதானே டாக்டர்?"

"பல்லுல ஒண்ணும் பிரச்சினை இல்லைம்மா. பல்லைச் சுத்தி இருக்கிற ஆளுக்குத்தான் சான்றிதழ் வேணும்."

எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்ப்பது கை வைப்பதாகாது. கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல், பாதிக்கு மேல் சொத்தை. மரத்துப்போக ஊசி போட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தால், பிடுங்க ரெண்டு நிமிஷம். அரை மணி நேரத்துச் சோலி. மாத்திரை எழுதிக் கொடுத்தேன். எழுதுவதும் கை வைப்பதாகாது. அடுத்த வாரம் தி.நகரில் மூன்று நாள் பயிற்சி, அதை முடித்துவிட்டு முதல் ஆளாக இவனைப் பார்க்கிறேன் என்றேன்.

"எத்தனை டாக்டர் வருவாங்க?"

"நூத்தி இருபது பேர்."

"நூத்தி இருபது பல் டாக்டர் ஒரே ஹால்ல உட்கார்ந்திருக்கிற இடத்துல, ஒரு பல்லுக்கு வழி பிறக்காதா?" என்று கேட்டார் டீச்சர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பயிற்சி பனகல் பார்க் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். இயக்ககத்துக்குச் சொந்தமாக ஹால் உண்டாம், ஆனால் அதில் ஃபைல்கள் குடியிருக்கின்றன. செய்முறைக்காக ஒரு டென்டல் சேர் டெம்போவில் வந்தது. லிஃப்ட்டுக்குள் போகவில்லை, மாடிப்படியில் திரும்பவில்லை. வந்த டெம்போவிலேயே அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மேடையில் கிடந்த பெண்-மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் ஒன்றை "சிகிச்சை இருக்கை" என்று எழுதி ஒட்டினார்கள்.

கூடுதல் இயக்குநர் டாக்டர் கல்யாணராமன் பேசினார். பல் வைத்தியத்துக்குப் படித்துவிட்டு பதினெட்டு வருஷமாக ஃபைல்களை மட்டும் சுத்தம் செய்துவருபவர். "உலகமே ஏற்றுக்கொண்ட முறை ஒன்று இருக்கிறது. சொல், காட்டு, செய்! என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். பிறகு கருவியைக் காட்ட வேண்டும். அதன் பிறகே செய்ய வேண்டும்" என்றார். நல்ல முறைதான், குறை சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகிற காரியம். இயக்ககம் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருந்தது.

முதல் நாள், 'சொல்'. பத்தரை மணிக்கு ஜொவிட்டா டீச்சர் நோயலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"உண்மையான நோயாளியை வெச்சுப் பயிற்சி நடத்த முடியாது மேடம்," என்றார் கல்யாணராமன். "அவங்க எப்படி நடந்துப்பாங்கன்னு சொல்ல முடியாது. ட்ரெய்னிங்கே கெட்டுடும்."

டீச்சர் நகரவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவர், கல்யாணராமனையும் அதே பார்வை பார்த்தார். கடைசியில் 'பார்வையாளர் நோயாளி' என்று ஒரு புதுப் பிரிவு உண்டாக்கி, நோயலுக்குக் கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு பை கொடுத்தார்கள். பையில் நோட்டு, பேனா, ஒரு பல் துலக்கும் பிரஷ்.

அன்றைக்கு ஏழு நிபுணர்கள் சொல்வது எப்படி என்று சொன்னார்கள். பிறகு, ஆள்தான் இருக்கிறானே என்று, ஆளுக்கு ஆள் நோயலிடம் சொல்லிப் பழகினார்கள். "நோயல் கண்ணா, டாக்டர் மாமா உன் பல்லுல இருக்கிற பூச்சியைத் தாலாட்டித் தூங்க வைக்கப் போறேன், சரியா செல்லம்?"

"அவனுக்கு இருபத்தி நாலு வயசு சார்," என்றார் டீச்சர். "பல்லைப் பிடுங்கப்போறோம்னு நேராவே சொல்லலாம். புரியும்."

"பிடுங்கறது மூணாம் நாள் பாடம் மேடம்."

ஆனால் நோயல் வாயைத் திறந்துவிட்டான். பிடுங்குகிறேன் என்று சொன்னால் பிடுங்கத்தானே வருவார்கள்? திறந்த வாயோடு காத்திருந்தான். எல்லோரும் அடுத்த அமர்வுக்குப் போய்விட்டார்கள். "அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர்," என்று டீச்சர் என் பக்கம் திரும்பிச் சொன்னார். "சொன்னா செய்யணும். நான் இத்தனை வருஷமா அவனை வளர்த்தது அதை வெச்சுத்தான்." இருபது நிமிஷம் கழித்து அவனே மூடிக்கொண்டான். மத்தியானம் கல்யாணச் சாப்பாடு. பல் டாக்டர்கள் ஆளுக்கு ரெண்டு பாதுஷா சாப்பிட்டோம். நோயல் மோர் குடித்தான்.

இரண்டாம் நாள், 'காட்டு'. மாதிரி நோயாளியாக மெஹபூப் அலி என்பவரை வரவழைத்திருந்தார்கள். கோடம்பாக்கத்தில் துணை நடிகர். முப்பது வருஷமாகக் கலவரத்தில் ஓடியும் பந்தியில் சாப்பிட்டும் நீதிமன்றத்தில் எழுந்து நின்றும் வருபவர்.

"இன்னா சார் கேரக்டரு?" என்று கேட்டார் மெஹபூப் அலி.

"கத்தணும். காலை உதைக்கணும். ஒருத்தர் கையையாவது கடிக்கணும்," என்றார் கல்யாணராமன்.

"வலி எங்க சார் வெச்சிக்கிறது? கன்னத்துலயா, தலையிலயா?"

"வலி வேண்டாம். சிலபஸ்ல வலி இல்லை."

மெஹபூப் அலி வாங்கின வேலையை ஒழுங்காகச் செய்தார். அவர் போட்ட சத்தத்தில் கீழே செருப்புக்கடைக்காரர் மாடியேறி வந்து பார்த்தார். அண்ணா நகர் டாக்டர் ஒருவருக்கு மணிக்கட்டில் கட்டுப் போடும்படி ஆனது. நாலு பேர் எப்படிப் பிடிப்பது, ஐந்தாவது ஆள் எங்கே நின்று கண்ணாடியைக் காட்டுவது என்று எல்லாம் கற்றுக்கொண்டோம். முன்வரிசையில் நோயல் காதைப் பொத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

வேளச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு இளம் டாக்டர் கையைத் தூக்கினாள். "சார், இவர் அமைதியா இருக்காரே. இவரை எப்படி அணுகணும்?"

கல்யாணராமன் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "அமைதியா இருக்கிறவங்க இந்தப் பதிப்புல இல்லைம்மா. அடுத்த பதிப்புல பரிசீலிக்கலாம்," என்றார்.

டீ நேரத்தில் மெஹபூப் அலி நோயல் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "பயந்துட்டியா நைனா? சும்மா நடிப்பு. எனக்கு ஒண்ணியும் இல்ல, இத பாரு," என்று தன் வாயைத் திறந்து காட்டினார். பீடி குடித்த பல், நடுவில் ரெண்டு காலி. நோயல் உற்றுப் பார்த்தான். பிறகு தன் வாயைத் திறந்து காட்டினான். மெஹபூப் அலி எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சார் இது? பல்லு உள்ள பள்ளமா கீது, ஈறு பொடைச்சிக்கினு கீது. புள்ளைக்கு எம்மாம் வலி இருக்கும்! நீங்க டாக்டர்தானே, இன்னான்னு பாருங்களேன்."

"நாளைக்கு நாலு மணிக்குத்தான் சான்றிதழ் கொடுப்பாங்க."

"அதுவரிக்கும்?"

"அதுவரைக்கும் எனக்கு அனுமதி கிடையாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருசமா நடிக்கிறேன் சார். இந்த மாதிரி டயலாக்கு எனக்கு ஒருத்தனும் குடுத்ததில்ல," என்றார்.

மூன்றாம் நாள், 'செய்'. இன்றைக்குச் செய்வார்கள் என்று டீச்சர் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவந்திருந்தார். நோயல் நேராக மேடையேறி, வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்தான். பத்து மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் ஒன்றரைக்கு வந்தார். அவருக்குச் சால்வை, அவர் தம்முடைய பல்செட்டைப் பற்றி ஆற்றிய உரை, சாப்பாடு எல்லாம் முடிய மூன்று மணி. செய்முறையை ஆரம்பிக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். "முதல்ல சான்றிதழ். விருந்தினர் கிளம்பணும்," என்றார் கல்யாணராமன்.

நூற்றிருபது பேருக்கும் தனித்தனியாக மேடையில் போட்டோ. "அந்தப் பையனை எறக்கிடலாமா சார்?" என்று போட்டோகிராபர் கேட்டதற்கு, "இருக்கட்டும், தத்ரூபமா இருக்கு," என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நூற்றிருபது போட்டோவிலும் பின்னால் ஒரு வாய் திறந்திருக்கிறது. என் போட்டோவிலும்தான். நான் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நாலே முக்காலுக்குப் பூ அலங்காரக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆறு மணிக்கு அங்கே யாருக்கோ ரிசப்ஷன். செய்முறைக்கு நேரம் இல்லை. பயிற்சி இனிதே நிறைவுற்றது என்று மைக்கில் சொன்னார்கள். நான் சான்றிதழைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று கட்டம் இருந்தது. சொல்: தேர்ச்சி. காட்டு: தேர்ச்சி. செய்: பின்னர் அறிவிக்கப்படும். அதாவது, தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக, நோயாளிக்குச் சொல்லவும் காட்டவும் தகுதி பெற்ற நூற்றிருபது பல் மருத்துவர்கள் அன்று உருவானோம்.

நோயல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேல் ரோஜாச் சரம் கட்டுகிறார்கள், அவன் வாயைத் திறந்தபடியே இருக்கிறான். கண்ணில் தண்ணீர் வழிகிறது. அலங்காரக்காரர் கத்துகிறார். டீச்சர் பக்கத்தில் நின்று, "எழுந்திருப்பா, நாளைக்கு வரலாம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், திடீரென்று முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். வெட்கக்கேடு. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

மெஹபூப் அலிதான் மேடையேறினார். "நைனா, இந்த நாற்காலி வேற. செய்யற நாற்காலி இந்த சார் கிளினிக்ல கீது. வா, போலாம், அவரு செய்வாரு," என்று என்னைக் கை காட்டினார். நோயல் என்னைப் பார்த்தான். மேடையைக் காலி பண்ணினால் போதும் என்கிற நினைப்பில் நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். மண்டபத்து வாசலில் விடவில்லை, ஆட்டோவில் விடவில்லை, மயிலாப்பூர் குளம் தாண்டியும் விடவில்லை. பிறகு நான் என்ன செய்யட்டும்?

கிளினிக்கில் முதலில் நோயல் பார்க்க மெஹபூப் அலியை உட்கார வைத்து, வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினேன். பிறகு நோயலிடம், "ஊசி போடுவேன், கொஞ்சம் குத்தும். அப்புறம் மரத்துப்போகும். அப்புறம் பல்லைப் பிடுங்குவேன். பிடுங்கும்போது அழுத்துற மாதிரி இருக்கும்," என்று சொன்னேன். காட்டினேன். செய்தேன். அவன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னதெல்லாம் சொன்ன வரிசைப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். மொத்தம் இருபத்தெட்டு நிமிஷம். பஞ்சைக் கடித்துக்கொண்டு, "முடிஞ்சுது," என்றான். டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இத்தோடு விட்டிருந்தால் வம்பில்லை. ஆனால் ஜொவிட்டா டீச்சர் மரியாதை தெரிந்த குடும்பத்தில் வளர்ந்தவர். யாராவது உதவி செய்தால் கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். எழுதினார். முத்து முத்தான கையெழுத்தில், தேதி, நேரம், பிடுங்கப்பட்ட பல்லின் விவரம் சகிதம், இயக்ககத்துக்கே எழுதிவிட்டார்.

நாலாம் நாள் இயக்ககத்தின் சைதாப்பேட்டை அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

"என்ன டாக்டர் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் கல்யாணராமன். "காட்டற வரைக்கும்தானே உங்களுக்குத் தகுதி? உங்க பதிவையே ரத்து பண்ணப் பரிந்துரைக்க வேண்டிய கேஸ் இது."

"வலியில துடிச்சான் சார்."

"வலியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. விதியைச் சொல்றேன்."

"இப்ப என்ன பண்ணட்டும்? பல்லைத் திருப்பி வெச்சுடவா?"

நான் எரிச்சலில் கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். "முடியாது டாக்டர். திருப்பி வைக்கிறதும் 'செய்' பிரிவுலதான் வரும்," என்றார்.

பிறகு அவரே மனமிரங்கி ஒரு வழி சொன்னார். பல் தானாக விழுந்தது. டாக்டர் சொன்னார், காட்டினார், அவ்வளவுதான். டீச்சர் உணர்ச்சிவசப்பட்டுத் தவறாக எழுதிவிட்டார். அப்படி ஒரு கடிதம் தயாராகவே இருந்தது. எங்காத்துல ரெண்டு பெண்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள், இருபத்தாறு வருஷத்து போர்டு வாசலில் தொங்குகிறது. கையெழுத்துப் போட்டேன்.

இயக்ககத்தின் அறிக்கை அடுத்த மாதம் வெளியாயிற்று. "பயிற்சியின் விளைவாக, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பல் ஒன்று எவ்விதத் தலையீடும் இன்றித் தானாகவே விழுந்துள்ளது. நோயாளி முழு ஒத்துழைப்பு நல்கினார்." மேலிடத்தில் அசந்துபோனார்களாம். தொடாமலே பல் விழுகிறது என்றால் சும்மாவா? மாநிலம் முழுவதும் விரிவாக்கம் செய்ய ஆணை பிறந்தது. அந்த அற்புதத்தை நிகழ்த்தியவன் என்கிற முறையில் என்னை முதன்மைப் பயிற்றுநராக நியமித்தார்கள். மாட்டேன் என்று சொல்லலாம்தான். சால்வை போட்டுக் கூப்பிட்டார்கள், போனேன்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் எனக்கு மேடைதான். கிளினிக் பூட்டியே கிடக்கிறது. சொல்வது எப்படி என்று சொல்கிறேன், காட்டுவது எப்படி என்று காட்டுகிறேன். மூன்றாம் நாள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், சாப்பாடு நன்றாக இருக்கிறது.

போன புதன்கிழமை அடையாரில் வகுப்பு. நடுவில் போன் அடித்தது. ஜொவிட்டா டீச்சர்.

"டாக்டர், நோயலுக்கு மேல்வரிசையில ஒண்ணு வலிக்குது. ரெண்டு நாளா சாப்பிடல. வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரும் உங்ககிட்ட பயிற்சி எடுத்தவராம். நல்லா சொன்னார், நல்லா காட்டினார், அனுப்பிட்டார். இவன் நேரா உங்க கிளினிக்குக்கு வந்துட்டான். பூட்டியிருக்கு. படியில உட்கார்ந்து வாயைத் திறந்து வெச்சுக்கிட்டிருக்கான். எழுந்திருக்க மாட்டேங்கிறான் டாக்டர்."

எதிரே நூற்றிருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடையாரிலிருந்து மயிலாப்பூர் என்ன தூரம், ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷம்.

"வாயை மூடிக்கச் சொல்லுங்கம்மா," என்றேன். "வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை செங்கல்பட்டில் அடுத்த வகுப்பு என்பது எனக்கு அப்போதே தெரியும். போனை வைத்த பிறகுதான் சட்டைக் காலரில் மைக்கை அணைக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நூற்றிருபது பேரும் குனிந்து, நான் சொன்னதை வார்த்தை பிசகாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.